பச்சைத்தோல் வரிந்த வின்செஸ்டர் 1876: ஒரு குளிர்கால வேலைக்குறிப்பு

அக்டோபர் கடைசி வாரம், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் முதல் பனி விழுந்த மறுநாள். பில்லிங்ஸுக்குக் கிழக்கே மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் அம்மையார் ஒருவர், பழைய கம்பளியில் சுற்றிய துப்பாக்கியை என் பட்டறை மேசையில் கிடத்தினார். "லீவர் பாதியில் நின்றுவிடுகிறது. அதைச் சரிசெய்து கொடுத்தால் போதும். புதுசு போல ஆக்கிவிடாதீர்கள், என் தாத்தாவுக்கு அப்பா கை பட்டது" என்றார்.

கம்பளியைப் பிரித்தேன். வின்செஸ்டர் 1876, கைப்பிடிக்கு அடியிலுள்ள லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா அறைக்குள் போகும் வகை. எட்டுப்பட்டைக் குழல், செம்பழுப்பேறிய இரும்பு உடல். கட்டையின் கழுத்தைச் சுற்றி, ஒரு சாண் நீளத்துக்கு, எலும்பைப் போல் இறுகிய பச்சைத்தோல், அதாவது பதனிடாத தோல். உள்பக்கம் தடித்த நரம்பால் தையல். அந்தத் தோலைப் பார்த்ததும் இது லீவரோடு முடிகிற வேலை இல்லை என்று தெரிந்துவிட்டது.

வேலைக்குப் போகுமுன் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம். வின்செஸ்டரின் 1873 மாடலைப் பலரும் படத்திலாவது பார்த்திருப்பார்கள். அதன் .44-40 தோட்டாவில் (முதல் எண் குண்டின் விட்டம், அங்குலத்தில்; இரண்டாவது மருந்தின் எடை, கிரெய்னில்) 13 கிராம் ஈயக் குண்டும் இரண்டரை கிராம் சொச்சம் கருமருந்தும். மானுக்கு அது போதும். முக்கால் டன்னைத் தாண்டும் பைசன் கிடாவின் தோள் எலும்புக்கு அது பத்தாது. அதனால் அதே இயந்திரத்தைப் பெரிதாக்கி, 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் இந்த மாடலை வைத்தார்கள். இதன் .45-75 தோட்டாவில் குண்டு 22.7 கிராம், மருந்து ஏறத்தாழ 4.9 கிராம். வழக்கமான 28 அங்குலக் குழலின் அடியில் முழு நீளத் தோட்டாக்குழாய், அதில் 12 தோட்டா. தோட்டா போடாமலே நாலு கிலோவுக்கு மேல் கனக்கும்.

(நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நாம் காட்டெருமை என்று சொல்வது வேறு விலங்கு. அது கடமா. அமெரிக்கர்கள் 'பஃபலோ' என்று பழகிவிட்ட இந்தப் பைசனுக்குத் திமிலும் பிடரியும் தாடியும் உண்டு. குழப்பம் வேண்டாம் என்று இங்கே பைசன் என்றே எழுதுகிறேன்.)

முதல் நாள்: உள்ளே ஒரு தோட்டா

பழைய துப்பாக்கி எதுவானாலும் தோட்டா இருக்கிறது என்று நினைத்தே தொட வேண்டும். லீவர் பாதியில் நிற்பதால் அறை காலியா என்று மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். காலி. தோட்டாக்குழாயைப் பார்க்க ஒரு மெல்லிய மரக்குச்சியைப் பக்கவாட்டுத் திறப்பு வழியாக முன்பக்கமாக விட்டேன். வெளியே குழாயின் நீளத்தை அளந்து, ஸ்பிரிங் அமுங்கினால் பிடிக்கும் இடத்தையும் கழித்துப் பார்த்தால் குச்சி இரண்டேகால் அங்குலம் குறைவாகவே உள்ளே போனது. ஒரு .45-75 தோட்டாவின் நீளமும் இரண்டேகால் அங்குலம்தான்.

அந்த இடத்தில் நான் சூடு, தட்டல் இரண்டையும் நிறுத்திவிட்டேன். பழைய தோட்டாவின் தொப்பி, அதாவது அடிபட்டால் பற்றிக்கொள்ளும் அடிப்பகுதி, எப்போது எதற்கு முறைக்கும் என்று சொல்ல முடியாது. குழாயின் முன்மூடியில் இருந்த சிறு திருகாணிக்கு, கியர் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்து, காலையும் மாலையும் ஒரு சொட்டு. குழலை ஆள் இல்லாத மண் மூட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். எட்டாம் நாள் கையழுத்தத்துக்கே திருகாணி அசைந்தது. மூடி, துருப்பிடித்த சுருள், அதன் பின்னால் வெள்ளை பூத்த ஈயத் தலையுடன் தோட்டா. பித்தளைக் கழுத்து நெடுக வெடித்திருந்தது. ஈயத்தின் மேல் பூக்கும் அந்த வெள்ளைப் பொடி நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

குழாயின் வெட்டு

தோட்டாக்குழாய் முழு நீளம் இல்லை என்பதை அப்போதுதான் உட்கார்ந்து கவனித்தேன். முன்கட்டையைத் தாண்டி ஓர் அங்குலத்திலேயே முடிகிறது. இப்படி அரைக்குழாய் வைத்துத் தொழிற்சாலையிலேயே செய்து வாங்கியவர்கள் உண்டு. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் டகோட்டாவில் பண்ணை வைத்திருந்த காலத்தில் வைத்திருந்த .45-75 அப்படிப்பட்டதுதான். முனைக் கனம் குறையும், குதிரைமேல் இருந்து சட்டென்று திருப்ப முடியும்.

ஆனால் இது தொழிற்சாலை வெட்டு இல்லை. குழாயின் விளிம்பில் ரம்பப் பல்லின் தடம், அதன்மேல் அரம் போட்ட சாய்கோடுகள். குழலின் அடியில், முனைக்குச் சற்றுப் பின்னே, முழுக்குழாயைத் தாங்கும் வளையம் செருகியிருந்த புறாவால் வடிவப் பள்ளம் காலியாகி, அதில் ஒரு பித்தளைத் துண்டை அடித்து இறுக்கிச் சமன் செய்திருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தத் துண்டில் லேசான வளைவு. தோட்டா உறையை வெட்டி மடித்து அடித்திருக்க வேண்டும். குறிபார்க்கக் குழல் முனையில் இருக்கும் குறிமுள்ளும் பழையது இல்லை. வெள்ளி நாணயத்தை அறுத்துச் செருகிய தகடு, அதன் மேல் விளிம்பில் நாணயத்தின் வரிப்பல் இன்னும் தெரிகிறது. விடியற்காலை மங்கலில் கறுத்த இரும்புமுள் கண்ணுக்குப் படாது, வெள்ளி படும்.

இந்தத் துப்பாக்கியை ஒருவர் தன் வேலைக்கு ஏற்றபடி உட்கார்ந்து மாற்றியிருக்கிறார். அரம் பிடித்தவனுக்கு அரத்தடம் கையெழுத்து மாதிரி. கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை பழகியபோது, எந்தப் பொருளை யார் ராவினார் என்று அரத்தின் சாய்வைப் பார்த்தே என் மேஸ்திரி சொல்லிவிடுவார். இங்கே கோடுகள் எல்லாம் வலமிருந்து இடமாகச் சாய்கின்றன. இடக்கைக்காரர் என்று குறித்துக்கொண்டேன். அம்மையாரிடம் கேட்டபோது, "எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் இடக்கைதான்" என்றார். அந்தத் தடங்களில் ஒன்றைக்கூடத் தேய்க்கக் கூடாது என்று அன்றே முடிவுசெய்தேன்.

முழங்கால் இயந்திரம்

கட்டையைக் கழற்ற, இரும்பு உடலிலிருந்து கட்டைமேல் நீளும் மேல்நாக்கில் ஒரே திருகாணி. அதன் பிளவு அகலத்துக்கே திருப்புளியின் நுனியைச் சாணை பிடித்துக்கொண்டேன். பொருந்தாத திருப்புளி ஒரு சுற்றில் நூறு வருடத்தைக் கெடுத்துவிடும். பக்கத் தகடுகள் இரண்டையும் பிடிப்பதும் ஒரே திருகாணிதான். அதை எடுத்தபின் தகட்டை நெம்பக் கூடாது. உடலைத் துணிமேல் சாய்த்து, கொட்டாப்புளியால் எதிர்ப்பக்கம் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால் தானாகக் கழன்று கையில் விழும். எனக்கு இருபது நிமிடம் தட்ட வேண்டியிருந்தது.

உள்ளே பக்கத்துக்கு இரண்டாக இணைப்புக் கைகள். இதன் தத்துவத்தை முழங்காலை வைத்துச் சொல்வது எளிது. காலை விறைத்து நேராக நின்றால் தோளில் மூட்டை ஏற்றினாலும் நிற்கலாம். முழங்கால் சற்று மடங்கிவிட்டால் ஒரு கை அழுத்தினாலே சரிந்துவிடும். லீவரை மூடும்போது மூன்று ஆணிகளும் ஒரே கோட்டில் வந்து கால் விறைக்கிறது. தோட்டா பின்னோக்கித் தள்ளும் விசை முழுவதையும் அந்த ஆணிகள் தாங்குகின்றன. லீவரைத் திறந்தால் முழங்கால் மடங்கி, குழலின் பின்வாயை மூடும் அடைப்புத்தண்டு பின்னுக்கு வருகிறது.

இந்த அமைப்பின் எல்லையும் இதிலேயே இருக்கிறது. கால் மடங்கும் அளவுக்குத்தான் தண்டு பின்னால் வரும். அன்று படையில் புழங்கிய .45-70 தோட்டா இதற்கு நீளம் அதிகம். அதனால் .45-75-ஐக் குட்டையாக, அடி பருத்து, கழுத்து ஒடுங்கியதாக வடிவமைத்தார்கள். 1879-இல் வந்த .50-95-உம் இதே குட்டை நீளத்துக்குள் இன்னும் பெரிய ஓட்டையை அடக்கிய முயற்சி. .45-70-ஐயே லீவர் துப்பாக்கியில் முதலில் நன்றாக ஓட வைத்தது மார்லின் கம்பெனியின் 1881 மாடல். துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் இரண்டு செங்குத்துப் பூட்டுக்கட்டைகளை வைத்து வடிவமைத்த வின்செஸ்டர் 1886 அதற்கும் மேலே போனது. அது கடைக்கு வந்தபோது சமவெளியில் பைசன் மந்தை முடிந்துவிட்டது.

லீவர் நின்றதன் காரணம் அடியில் கிடைத்தது. தோட்டாவைத் தூக்கும் பித்தளைக் கட்டையின் கையை அழுத்தும் பட்டை ஸ்பிரிங், திருகாணித் துளையை ஒட்டி உடைந்து, முனை கைக்குக் கீழே சிக்கியிருந்தது. சுற்றிலும் எண்ணெய் காய்ந்து கோந்து போல. பித்தளையில் பச்சைக் களிம்பு. களிம்பை மூங்கில் குச்சியைச் சீவிச் சுரண்டினேன். இரும்பில் சிவப்பாகத் துகள் உதிரும் துருவை மட்டும் எண்ணெயும் மிக மெல்லிய வெண்கலப் பஞ்சும் வைத்து எடுத்தேன். இறுகிப் படிந்த செம்பழுப்பைத் தொடவில்லை, அது இப்போது இரும்பைக் காக்கும் தோல்.

புது ஸ்பிரிங் என் கையால். உயர்கரி எஃகுப் பட்டையை உடைந்த துண்டுகள் இரண்டையும் ஒட்டவைத்த அச்சின்மேல் வரைந்து, நீளவாக்கில் மட்டும் ராவினேன். குறுக்கே அரம் போட்டால் ஒவ்வொரு கோடும் ஒரு விரிசலுக்கு வழி. காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். அந்த நிலையில் அது கண்ணாடி, கீழே விழுந்தால் நொறுங்கும். தேய்த்துப் பளிச்சிட வைத்து, மணல் தட்டில் மெதுவாகச் சூடாக்கி, வைக்கோல் நிறம், ஊதா தாண்டி நீலம் வந்ததும் எடுத்தேன். முதல் ஸ்பிரிங் நீலம் சீராக வராமல் ஒரு முனை வைக்கோல் நிறத்திலேயே நின்றது. நாலாவது வளைவில் அங்கேயே முறிந்தது. இரண்டாவது சரியாக வந்தது. அதன் அடிப்பக்கத்தில் செய்த ஆண்டைச் சிறியதாகப் பொறித்தேன். நாளை இதைத் திறப்பவருக்கு எது பழையது, எது என்னுடையது என்று தெரிய வேண்டும்.

லீவர் ஓடியது. தண்டு போய் அமரும் சத்தம் நன்றாக இருந்தது. ஆனால் மூடிய நிலையில் தண்டை முன்னும் பின்னும் அசைத்தால் விரலுக்கே ஆட்டம் தெரிகிறது, ஆணிகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றன. ஆணிகளை மாற்றலாம். நான் மாற்றவில்லை. இதைச் சுடக் கூடாது என்று அம்மையாரிடம் எழுத்திலேயே கொடுத்தேன். புகையில்லா மருந்து போட்ட தோட்டாவை எந்த 1876-இலும் போடவே கூடாது, இந்த முழங்கால் கருமருந்தின் அழுத்தத்துக்குச் செய்தது.

கோடி நகரத்துப் பேரேடு

தெற்கே வயோமிங்கின் கோடி நகரத்தில் பஃபலோ பில் சென்டர் ஆஃப் த வெஸ்ட் இருக்கிறது. வின்செஸ்டர் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் அங்கே. 1876 மாடலில் 1 முதல் 63,871 வரை எல்லா எண்களும் பதிவில் உண்டு. இந்த மாடலில் எண் அடிநாக்கில் பொறித்திருக்கும், எழுதிக் கேட்டால் அந்த வரியைக் கடிதமாகத் தருவார்கள். வந்த கடிதத்தில்: ரைபிள், .45-75, எட்டுப்பட்டைக் குழல், சாதா சுடுவிசை, 1881-இல் பண்டகசாலைக்கு வந்து அதே ஆண்டு வெளியே போனது. அரைக்குழாய் என்று குறிப்பில்லை. யாருக்குப் போனது என்பது அந்தப் பேரேடுகளில் எழுதுவதில்லை.

குடும்பத்தில் சொல்லிவருவது, 1882 குளிர்காலத்தில் மஸல்ஷெல் ஆற்றுக்கும் எல்லோஸ்டோன் ஆற்றுக்கும் இடையில் கொள்ளுத்தாத்தா பைசன் தோலுக்காக வேட்டையாடினார் என்று. காலம் பொருந்துகிறது. நார்தர்ன் பசிபிக் ரயில் 1881-இல் மொன்டானாவின் மைல்ஸ் சிட்டியைத் தொட்டது. அதன்பின் தோலை மாட்டுவண்டியில் மாதக்கணக்கில் இழுக்க வேண்டியதில்லை. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் வில்லியம் ஹோர்னடே சேகரித்து எழுதிய கணக்கில், 1882-இல் வடக்குச் சமவெளியில் சுடுபவர்களும் உரிப்பவர்களுமாக 5,000 பேர். அந்த ஆண்டு 2,00,000 தோல். மறுஆண்டு 40,000. 1884-இல் அந்த ரயிலில் டகோட்டாவின் டிக்கின்சனிலிருந்து ஒரே ஒரு பெட்டித் தோல். 1886-இல் அருங்காட்சியகத்துக்குப் பாடம்செய்ய நல்ல உருப்படிகளைத் தேடி ஹோர்னடே இதே நிலத்துக்கு வந்தபோது, மாதக்கணக்கில் அலைந்து இருபத்தைந்து சொச்சமே கிடைத்தன.

தொழில்முறை வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் ஷார்ப்ஸ் என்ற கனத்த ஒற்றைத்தோட்டாத் துப்பாக்கியைத் தாங்குகோலில் சாய்த்து, தூரத்தில் படுத்தே சுட்டார்கள். மந்தையின் தலைப்பசுவை முதலில் வீழ்த்தினால் மற்றவை எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி நிற்கும், ஒவ்வொன்றாக வீழ்த்தலாம். லீவர் துப்பாக்கி அந்த வேலைக்கு எட்டாது. இது குதிரையில் பக்கத்தில் போய்ச் சுடுபவரின் கருவி. முன்கட்டையின் அடியில், சேணத்தின் கொம்பில் குறுக்கே கிடந்து கிடந்து, உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்திருக்கிறது. குழாயை ஏன் வெட்டினார் என்பதற்கு அந்தக் குழி போதும்.

தோல்

இனிதான் நான் தப்புச் செய்த இடம்.

கட்டையின் கழுத்து விழுந்து உடைந்திருக்கிறது. அந்தச் சமவெளியில் ஆசாரியும் இல்லை, வால்நட் பலகையும் இல்லை. பச்சைத்தோலை ஊறவைத்து, ஈரமாகவே இழுத்துச் சுற்றித் தைத்துவிட்டால், காயும்போது அது சுருங்கி இரும்புப் பட்டம் போல இறுகும். சமவெளிப் பழங்குடிகள் சேணச்சட்டத்தையும் கல்சம்மட்டியின் காம்பையும் தலைமுறைகளாகக் கட்டிவந்த முறை இது. கொள்ளுத்தாத்தா அவர்களிடம் பார்த்துக் கற்றிருப்பார், அல்லது கற்றவரிடம் கற்றிருப்பார். அந்தத் தையலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்தது. 1883–84 குளிர்காலத்தில் பைசன் அற்றுப்போய், இதே மொன்டானாவில் பிளாக்ஃபீட் பழங்குடி மக்கள் நூற்றுக்கணக்கில் பட்டினியில் செத்தார்கள். அவர்களைப் போன்றவர்களின் கைவேலை முறை இந்தத் துப்பாக்கியின் கழுத்தைக் காத்து நிற்கிறது.

நாலு தலைமுறை எண்ணெய் விட்டு விட்டுக் கட்டையின் பின்பகுதி கறுத்து நொதநொதத்திருந்தது. எண்ணெயை உறிஞ்ச சீமைச்சுண்ணாம்புப் பொடியை அசிட்டோனில் குழைத்துப் பூசினேன். சீக்கிரம் உறிஞ்சட்டும் என்று இரவு ஹீட்டருக்கு நாலடி தூரத்தில் வைத்துவிட்டுத் தூங்கப்போனேன். மொன்டானாக் குளிரில் சூடேற்றிய அறையின் காற்று எலும்பைப் போல் வறண்டது. காலையில் வந்து பார்த்தால் தோல் இன்னும் சுருங்கி, தையல் இரண்டு இடத்தில் அறுந்து, வாய் அரிசி அகலம் திறந்திருந்தது. நூற்று நாற்பது வருடம் தாங்கியதை ஒரே இரவில் அறுத்துவிட்டேனே என்று அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. அன்று மாலையே அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உள்ளே மரம் தெரிகிறதா? எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

தெரிந்தது. அந்த வாய் வழியாகத்தான் முதன்முதலாக உடைப்பைப் பார்த்தேன். சாய்ந்த நீள்முறிவு, துண்டுகள் நேராகப் பொருந்தியே இருந்தன. பசை கிடையாது, ஆணி கிடையாது. தோல் ஒன்றுதான் பிடித்திருக்கிறது.

இரண்டு வழி இருந்தது. தோலை அவிழ்த்து முறிவை முழுதாக ஒட்டுவது ஒன்று. அவிழ்த்தால் அந்தத் தோல் மறுபடி சேராது. நான் அவிழ்க்கவில்லை. கட்டையை மூடிய பெட்டியில், ஈரத்துணிக் கிண்ணத்தை எட்ட வைத்து, ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தைத் தாண்டாமல் பன்னிரண்டு நாள் வைத்தேன். தோல் மெல்ல இளகி வாய் பாதிக்குமேல் மூடியது. திறந்திருந்த இடுக்கின் வழியாக, ஆசாரிகள் காய்ச்சும் வச்சிரப் பசையை நீர்க்கக் காய்ச்சி, ஊசியால் முறிவுக்குள் விட்டேன். வச்சிரம் வெந்நீருக்கு விட்டுக்கொடுக்கும். எப்போதாவது ஒருவர் என் வேலையைத் திருப்ப வேண்டுமானால் திருப்பலாம், எபாக்ஸியில் அது முடியாது. அறுந்த தையலில் பழைய நரம்பை எடுக்காமல், பழைய துளைகள் வழியாகவே, நிறம் வேறாகத் தெரியும் லினன் நூலைக் கோத்தேன்.

தோல் பைசனுடையதா மாட்டினுடையதா என்று சோதிக்க ஒரு துணுக்கு வெட்டினால் போதும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அம்மையாரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். எனக்கும் கத்தி வைக்க மனம் இல்லை.

கடைசி வாரம்

குழலுக்குள் கருமருந்தின் உப்புப் படிவு காற்றின் ஈரத்தை இழுத்து இழுத்து அரித்திருந்தது. அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். வெந்நீரில் நனைத்த துணியை முப்பது முறைக்குமேல் விட்டு எடுத்து, உடனே உலர்த்தி எண்ணெய் பூசினேன். உள்ளே குழிகள் நிறைய. ஆனாலும் திருகிச் செல்லும் பள்ளக்கோடுகள் கடைசிவரை தெரிகின்றன. எண்ணெய்த் துணியை இறுக்கமாக விட்டு, தண்டில் குறிபோட்டுச் சுற்றை அளந்தால் ஏறத்தாழ இருபது அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. உலோகத்துக்கு மெழுகு மட்டும். தோலுக்கு ஒன்றும் போடவில்லை.

அடித்தகட்டில் குழல் துடைக்கும் தண்டுகள் வைக்க ஒரு சிறு கதவு இந்த மாடலில் உண்டு. திறந்தேன். நாலு துண்டுத் தண்டில் இரண்டு மிச்சம் இருந்தன. அவற்றைத் துடைத்து உள்ளே வைத்தேன். கூடவே அமிலமில்லாத தாளில் ஒரு குறிப்பு: ஸ்பிரிங் புதிது, பழையது உறையில் தனியாக. முறிவில் வச்சிரம், தையலில் ஆறு துளைக்கு லினன். தையல் அறுந்தது என் ஹீட்டரால். ஆணிகள் தேய்ந்தவை, சுடாதீர்கள். குழாய் வெட்டு, பித்தளைத் துண்டு, வெள்ளிமுள் மூன்றும் 1881-க்குப் பின் உரியவர் கையால் செய்தவை.

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை அம்மையார் வந்தார். லீவரை ஒருமுறை இறக்கி ஏற்றினார். பிறகு இடக்கையால் கழுத்தைப் பிடித்து, லினன் நூல் எங்கே தொடங்குகிறது என்று கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்தார். கம்பளியில் சுற்றுமுன், ஹீட்டர் இல்லாத அறை வீட்டில் எது என்று யோசித்து, வடக்குப் பக்கத்து அறைதான் என்றார்.